பிடிப்பு

மூன்றாம் முறையாக வந்து நிற்கிறார் வித்தோல்ட்,
டிராலிபஸ் ஓட்டுநர் சீருடையைக் கழற்றாமல்,
கம்பளித் துண்டில் சுற்றிய மின்பலகையோடு.
"உங்கள் மேசையில் உயிரோடிருக்கிறது, பெனிக்னா.
என் வீட்டுக்குப் போனால் செத்துவிடுகிறது."

க்டினியாவில் நவம்பர்.
துறைமுகத்துப் பாரந்தூக்கிகள்
கழுத்துவரை மூடுபனியில்.
நான் உருப்பெருக்கியின் கீழே.

எள் விழ இடமில்லாத பலகை.
அதில் எள்ளிலும் சிறிய மின்தேக்கி ஒன்றைப்
போன மாதம் நான்தான் கூடுதலாக வைத்தேன்,
முப்பத்தைந்து வருடத்துக் கணினிக்கு
இன்னும் கொஞ்சம் நினைவு வேண்டுமென்று
இவர் கேட்டதால்.
செய்தவர்கள் நினைத்துப் பாராத இடம்:
இரண்டு சில்லுகளின் கால்களுக்கு நடுவே,
தலைமுடி போன்ற எனாமல் கம்பியில் தொங்கவிட்டு.
ஈயம் பளபளத்தது. மீட்டர் கூவியது.
ரசீது எழுதிக் காசும் வாங்கியாயிற்று.

இடுக்கி நுனியால் மெல்லத் தொடுகிறேன்.
ஆடுகிறது,
விழப்போகும் பால்பல்லாய்.

ஈயம் வழி விடும். பிடித்துக்கொள்ளாது.
தெரியாதா எனக்கு?
இருபது வருடமாகத் தெரியும்.

"எங்கே வைத்துக் கொண்டு போவீர்கள் இதை?"
"இருக்கைக்குப் பின்னால், தீயணைப்பான் பக்கத்தில்.
வேலை முடிய எட்டு மணி நேரம் ஆகுமே."
எட்டு மணி நேரம்.
கல் பாவிய வளைவுகள்,
மேலே கம்பி பிரியும் இடத்தில்
வண்டி போடும் அந்தத் துள்ளல்.
இரண்டு முறை வந்தபோதும் கேட்கவில்லை நான்.
அசையாத மேசைக்கென்று செய்திருக்கிறேன்.

சூட்டுப் பசை வேண்டாம்.
ஒருமுறை அது குளிரில் கட்டியாகக் கழன்று
தாமிரத் திட்டையும் உரித்துக்கொண்டு வந்தது,
பொருக்கோடு தோல் வருவதுபோல.
எப்பாக்சி கல்லாகிவிடும்.
நாளை யாரோ இதைத் திறப்பார்,
பெயர் தெரியாது,
கண் மங்கிய நானாகவும் இருக்கலாம்;
அவரைச் சுவரில் முட்ட வைப்பானேன்?
பச்சை அரக்கோ குப்பியிலேயே காய்ந்து கிடக்கிறது.

கைப்பையின் அடியில் நகப்பூச்சு.
செர்ரி நிறம். தம்பி கல்யாணத்துக்கு வாங்கி
ஒரு விரலோடு அலுத்துப்போனது.
இன்னும் காயுமா?
இடது கட்டைவிரல் நகத்தில்
ஒரு சொட்டு வைத்துக்கொண்டேன்.

பழையதை எடுத்தேன்.
புதியதை இடுக்கியில் பிடித்து
மூச்சையும் பிடித்தேன்.
டிக்.
பறந்துவிட்டது.
வித்தோல்ட் மண்டியிட்டுத் தரையைத் தேடுகிறார்,
தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு.
"விடுங்கள், நாடாவில் இன்னும் நாற்பது இருக்கிறது."
அவர் விடவில்லை.

அடுத்தது உட்கார்ந்தது.
இம்முறை தொங்கவிடவில்லை,
பலகையோடு படுக்க வைத்தேன்.
கம்பியை மூலைக்கு மூலை வளைத்து
தேன்நிற நாடாவால் அழுத்தினேன்.
மின்தேக்கியின் இரு தோள்களிலும்
செர்ரிச் சொட்டு, ஒவ்வொன்று.
அசிட்டோன் பட்டால் போய்விடும்.
யாரும் கேட்காதவரை இருக்கும்.

காயும்வரை தேநீர்.
பிறகு மின்சாரம் கொடுத்து
பென்சில் முனையால் தட்டினேன்.
திரையில் நீலம். நீலத்தில் சிமிட்டும் கட்டம்.
"குதியுங்கள்" என்றேன்.
"என்ன?"
"மேசைப் பக்கத்தில், பூட்ஸோடு. குதியுங்கள்."

ஐம்பத்தெட்டு வயது, தொண்ணூறு கிலோ,
நகராட்சிப் பொத்தான்கள் குலுங்கக் குதித்தார்.
கரண்டிகள் கிலுகிலுத்தன.
கீழ்வீட்டுப் பானி கொர்துலா
துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார்.
கட்டம் சிமிட்டிக்கொண்டே இருந்தது.
இன்னொரு முறை குதித்தார்,
இம்முறை நான் சொல்லாமலே.

இரவு பதினொன்றரைக்குத் தொலைபேசி.
குரல் இல்லை.
விசைகள் தட்டுப்படும் ஓசை மட்டும்,
ஒற்றை விரலால், மெதுவாக,
கடைசி நிறுத்தத்துக்கும் அப்பால் ஒரு சமையலறையில்.

கைபேசியைக் கீழே வைக்கும்போது பார்த்தேன்:
கட்டைவிரல் நகத்தில்
காய்ந்துபோன செர்ரியின் நடுவே
பழுப்பாய் ஒரு புள்ளி.
தட்டினேன். சுரண்டினேன்.
அசையவே இல்லை.