நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஆறு

பெட்டி கிளெண்டா ஆட்டவேயிடம்.
துப்பாக்கி என்னிடம்.

பெட்டியின் பக்கவாட்டில்
யாரோ பென்சிலால் எழுதிய எண்
என் வெப்லியின் எஃகிலும் குத்தியிருக்கிறது.
போருக்கு முந்தைய பர்மிங்காமில்
ஒரே மேசையிலிருந்து கிளம்பியவை.
எந்த வீட்டில், எந்தப் பரணில்
விட்டுப் பிரிந்தன, தெரியாது.

பதினொரு வருடமாக நான் கேட்கிறேன்:
பெட்டிக்கு விலை சொல்.
பதினொரு வருடமாக அவள் கேட்கிறாள்:
துப்பாக்கிக்கு நீ சொல்.

வெறும் பெட்டிகளாகவே நாற்பது வைத்திருக்கிறாள்.
உள்ளே காற்று, கொஞ்சம் துரு,
எண்ணெய் குடித்துப் பழுத்த காகிதம்.
உல்வர்ஹாம்ப்டன் பேருந்து நிலையத்தில்
தொலைந்த பொருள் ஜன்னலுக்குப் பின்னால்
முப்பது வருடம் உட்கார்ந்தவள்;
குடை, பல்செட், ஒருமுறை உயிருள்ள வாத்து,
எல்லாவற்றையும் உரியவரிடம் சேர்த்தவள்.
"இதை மட்டும் தரமாட்டேன், ரெஜ்."

நான் பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கிறவன்.
துப்பாக்கிகளையும் காதால்தான் வாங்குகிறேன்.
குழாயின் பின்நுனியைத் தூக்கி
முன்பக்கம் புரட்டினால்
ஸ்பிரிங் ஒரு முனகல் முனகும்.
இடுப்பு சிறுத்த ஈயக்குண்டு ஒன்றை
பிறந்த குழந்தையின் விரல்நகமளவு வாயில் வைத்து
மூட வேண்டும்.
விசையைத் தொட்டதும்
பிஸ்டன் நம் பக்கம் ஓடிவரும்,
குண்டு நம்மைவிட்டு ஓடும்.
இரண்டுக்கும் நடுவில் மணிக்கட்டு
யாருக்குப் பதில் சொல்வதென்று திகைக்கும்.

நல்ல வெப்லி 'டொக்' என்று
ஒரே சொல்லில் முடித்துக்கொள்ளும்.
கிரீஸ் காய்ந்தது
கடைசி வீடுவரை புலம்பிக்கொண்டே வரும்.

இரண்டாம் வியாழன்தோறும்
கிராட்லி ஹீத் சிற்றாலயத்தின் நிலவறை.
ஆறு கஜம். ஒட்டுப்பலகை,
அதன் பின்னால் திருமண மண்டபம் ஒன்று கழித்துக்கட்டிய கம்பளம்.
பாட்டுப்புத்தக அடுக்கின் மேல்
தேநீர்க் கெண்டி.
ஒருவர் பக்கநெம்புகோல் வாரியரை
வாட்ச் கட்டுவதுபோல் கவனமாய் இழுப்பார்.
ஒருவர் மலிவான கேட்டின் முகத்தைத்
தரையில் அழுத்தியே பலம் ஏற்றுவார்.
அது சுடும்போது நாங்கள் எல்லோரும்
ஒரு அடி நகர்வோம்.

நவம்பரில் டிரெவர் மால்பாஸுக்குப் பொறுமை போய்விட்டது.
"ஆளுக்கு ஒரு குண்டு.
ஜெயித்தவருக்கு இரண்டும்.
இனி இந்தப் பேச்சு என் காதில் விழக் கூடாது."

சரி என்றாள். சரி என்றேன்.
இருவருமே கொஞ்சம் சீக்கிரமாகச் சொல்லிவிட்டோம்.

என் துப்பாக்கியை வாங்கிக்கொண்டாள்.
அந்த மாதம் முழுக்க
கறுப்பு வட்டத்தைவிட்டு வெளியே போகாத கை.
மூச்சை விட்டு, நிறுத்தி,
டொக்.
அட்டையைத் தாண்டி
ஒட்டுப்பலகையில் ஒரு புதிய பருக்கை.

என் முறை.
பேக்லைட் பிடியில் அவள் சூடு
இன்னும் ஆறவில்லை.

இந்த எண்ணைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு:
ஆறு கஜத்தில் மூன்று விரல்கடை
இடதுபக்கம் சாயும்.
பதினொரு வருடமாக
வலதுபக்கம் பொய் சொல்லித்தான்
உண்மையை அடிக்கிறேன்.

அன்று நேராகவே குறிவைத்தேன்.

டிரெவர் டார்ச்சோடு போய்ப் பார்த்தார்.
அட்டை, கடையிலிருந்து வந்தபடியே.
ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்,
சிற்றாலயம் என்று நினைவு வந்து
பாதியை விழுங்கினார்.

பிறகு, யாரும் கேட்காமலே,
கிளெண்டா பெட்டியைத் திறந்து
தேநீர் மேசையில் வைத்தாள்.
நான் வெப்லியை அதில் கிடத்தினேன்.
அட்டையின் பழைய பள்ளம்
தோளிடம் ஒரு சிறு பிடிவாதம் காட்டி
இடம் கொடுத்தது.
மூடினோம்.
கெண்டி கொதித்து அடங்கும்வரை
யாரும் தொடவில்லை.

அப்புறம் நான் என்னுடையதை எடுத்துக்கொண்டேன்.
அவள் உள்ளே குனிந்து பார்த்து
மூக்கைச் சுளித்தாள்:

"கறை வைத்துவிட்டாய்.
அடுத்த மாதம்
துடைத்துக் கொண்டுவா."