பட்டியலில் இல்லாதது

வாளி. குதிரை. பூட்டு. பனிக்கட்டி. தவளை. கிராம்பு.
நொடிக்கு ஒரு சொல்
கைநூல் சொன்னபடி
குரலில் ஏற்றமோ இறக்கமோ இல்லாமல்
பதினைந்தையும் வாசித்து முடித்தேன்.

முசம்மில் நாலு சொன்னார்.
ஐந்தாவதாக, மழை.
மழை பட்டியலில் இல்லை.
வெளியில் பெய்துகொண்டிருந்தது.
இடைச்செருகல் ஒன்று, எனக் குறித்தேன்.

ஆஸ்பத்திரியின் பின்பக்க அறை.
கோட்டைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்த மான் ஒன்று
சன்னலோரம் நின்று
யாரோ எறிந்த லஞ்ச் ஷீற்றை மென்றது.
மேலே டியூப்லைட்
பற்றவும் தெரியாமல் அணையவும் தெரியாமல்
துடித்தது.

"இந்தச் சொல்லுகள் ஒண்டோடொண்டு
கதைக்குதில்லயே, மிஸ்."

கதைக்கக் கூடாது என்பதுதான் விதி
என்று நான் சொல்லவில்லை.
இருபது நிமிடம் கழித்து மறுபடி கேட்டேன்.
பூச்சியம்.
வரைபில் அவர் ஒரு பள்ளம்.

கிண்ணியாப் பாலத்தில்
மோட்டார் சைக்கிள் வழுக்கிய பின்னேரம்
அவரிடம் இல்லை.
மனைவி சொன்னதை வாங்கி வைத்துக்கொண்டு
கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறார்:
"நான் வலப்பக்கமா விழுந்தனாம்.
செருப்பு ஒண்டு தண்ணியிலயாம்."

தன் உடம்பில் நடந்ததற்கு
ஒரு மனிதன் 'ஆம்' போட்டுப் பேசுகிறான்.
ஸ்கான் படத்தில் நான் தேடிய காயம்
அந்த விகுதியில் இருந்தது.

நூல்கள் நினைவை அறை அறையாகத் தடுத்திருக்கின்றன.
நடந்தது ஓர் அறையில்.
தெரிந்தது இன்னோர் அறையில்.
கை மட்டும் அறிந்தது கீழே எங்கேயோ
சொற்களுக்குப் படி கட்டாத இடத்தில்.
பரீட்சைக்குப் படித்து எழுதி
எண்பத்தொரு புள்ளி எடுத்தவள் நான்.

அடுத்த கிழமை கைநூலை லாச்சிக்குள் வைத்துவிட்டு
அவருடைய பாண் ஓட்டோவில் ஏறினேன்.
பின்னால் பணிஸ் தட்டுகள், எனக்கு அரை இருக்கை.
ஸ்பீக்கர் அதே மெட்டைத் திரும்பத் திரும்ப இழுக்க
ஜமாலியாவில் தொடங்கி உப்புவெளி மட்டும்
ஒழுங்கை ஒழுங்கையாக:

நீலக் கேற், சீனி போடாத பணிஸ் ரெண்டு.
தண்ணித்தாங்கி வீடு, பாண் ஒன்று, காசு சம்பளத்துக்குப் பிறகு.
மாடி வீட்டு டீச்சர், மரக்கறி ரொட்டி, வெள்ளி மட்டும்.
நாய் கட்டாத வீடு. ஹோர்ன் அடித்தால் போதும்.

முப்பத்தொரு வீடு. கொப்பி இல்லை.
என் பென்சில் பத்தொன்பதாவது வீட்டில் தொலைந்துபோனது,
கடன் யாருடையது, கருகல் யாருக்குப் பிடிக்கும் என்று.

பூட்டிய ஒரு கேற்றுக்கு முன்னால்
ஓட்டோ வேகம் குறைந்தது.
நின்றது.
கறல் பிடித்த பூட்டு.
"கனடா போயிட்டாங்க, ரெண்டு வருசம்,"
என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.
"கைதான் நிப்பாட்டுது."

மூன்றாம் அமர்வு.
புதிய பட்டியல், புதிய தாள்,
நொடிக்கு ஒரு சொல்.
"கொஞ்சம் பொறுங்க மிஸ்" என்று
சட்டைப் பையைத் தடவினார்.
பேப்பரில் சுற்றிய
டியூப்லைட் ஸ்டார்ட்டர்.

"அண்டைக்குத் துடிச்சதே."

சுவிட்சை அணைத்தார். மழை இருட்டு.
ஸ்டூல் கிரீச்சிட்டது.
பழையதைக் கழற்றிப் புதியதைத் திருப்பிய ஒலி
ஒரு கால் சுற்று, அவ்வளவுதான்.
பார்க்காமலே.

பிறகு அறை முழுவதும் வெளிச்சம்,
என் மேசைத் தூசு உட்பட.

இதை எந்தப் பெட்டியில் எழுதுவது?
கேட்காத கேள்விக்கு
பதினெட்டு நாள் கழித்து வந்த பதில்.
இடைச்செருகல் ஒன்று என்று எழுதி
அழித்து
கடைசியில் தாளின் ஓரத்தில்
ஸ்டார்ட்டரைப் படமாக வரைந்தேன். சரியாக வரவில்லை.

ஸ்டூலில் இருந்து இறங்கிக் கையைத் தட்டியவர்
"மிஸ்ஸிட பேரு என்ன?" என்றார்.

கோகுலவதனி என்றேன்.
மூன்றாம் முறை.