சிவப்புச் சீட்டு

நெருப்பை நம்பாமல் இருப்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.
கடை கடையாய் ஏறி
சுவரில் தொங்கும் சிவப்பு உருளையின்
முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்ப்பேன்.
நின்றால் கையெழுத்து.
சாய்ந்திருந்தால் சிவப்புச் சீட்டு,
பதினான்கு நாள் தவணை.

அது பகலில்.
ஆறு மணிக்கு மேல் நானும் யோகமலரும்
அதே நெருப்பின் முன் போய் உட்கார்ந்து
மதிப்பெண் போடுவோம்.
வேனின் முன்பலகையில் கிடக்கும்
அவளுடைய நோட்டைத் திறந்தால்
பக்கத்துக்குப் பக்கம் எண்ணெய்.

காஜாங் சத்தே: ஏழு.
இறைச்சி பெரிது, அதைப் பற்றிய கர்வம் இன்னும் பெரிது.
கடலைக் குழம்பு ஒரு கிண்ணத்தில், சம்பால் வேறு கிண்ணத்தில்,
பேச்சுவார்த்தை நின்ற அண்ணன் தம்பிக்கு
ஒரே பந்தியில் இலை போட்ட மாதிரி.

கோலாலம்பூர், பழைய நீதிமன்றத்துக்குப் பின்னால், சுட்ட மீன்: ஆறரை.
இரண்டு மணிக்கு மேல் போனால்
மீனுக்கே தூக்கம் வந்துவிடுகிறது.

ஈப்போவில் கோழிச் சிறகு.
நான் ஐந்து போட்டேன், அவள் எட்டு.
தேனைத் தின்கிறோம், கோழி சாட்சிக்கு வந்திருக்கிறது என்றேன்.
தைப்பிங் வரை அவள் என்னோடு பேசவில்லை.

பாலம் ஏறியதும் கண்ணாடியை இறக்குவாள்.
பினாங்கு முதலில் மூக்குக்குத்தான் தெரியுமாம்.
எனக்குத் தெரிந்தது
முன்னால் போன லாரியின் டீசல்.

பத்து மாவுங்கில், படகுகள் கட்டும் இடம் தாண்டி,
கக் நோரிசானின் கடை.
பெயர்ப்பலகை இல்லை.
இரண்டாய் அறுத்த தகர டிரம்,
தேங்காய் மட்டையும் கரியும்,
ராஃபியா கயிற்றால் கட்டிய மேசை விசிறி.
வாழை இலை மேல் திருக்கையை விரித்து
சம்பாலை அறைந்து அப்புகிறார்,
சிமெண்டு பூசும் கொத்தனாரின் கை.

முதலில் இலை கத்தியது.
பிறகு ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததில்தான்
மீன் வேகிறது என்று பிறகு தெரிந்தது.

முள்ளிலிருந்து நார் நாராய்க் கழன்று வந்தது.
ஓரத்தில் கருகிய சம்பால்,
தொட்டுக்கொள்ள புளியில் ஊறிய சின்ன வெங்காயம்.
பேனாவைத் தேடிய யோகமலர்
விரலைப் பார்த்தாள், நோட்டை மூடினாள்.
இன்னொரு தே ஓ ஐஸ் என்று மட்டும் சொன்னாள்.

கை கழுவப் போனேன்.
குழாயடியில், ஏப்ரன் மாட்டிய ஆணியில்,
ஏப்ரனுக்குள்ளே நம்மாள்.
முள் சிவப்பில் செத்துக் கிடந்தது.
அட்டையைத் துடைத்துப் பார்த்தேன்.
கடைசிச் சோதனை: ஒன்பது வருஷத்துக்கு முன்னால்.
கீழே
என் கையெழுத்து.

வேலைக்குச் சேர்ந்த புதிது போல.
எழுத்து அவ்வளவு அழகாய் இருந்தது.
அப்படியானால் இங்கே நின்றிருக்கிறேன்.
இந்தப் புகை என் சட்டையில் பட்டிருக்கிறது.
அடுத்த கடைக்கு நேரமாயிற்று என்று
சாப்பிடாமல் போயிருக்கிறேன்.

சீட்டுப் புத்தகம் பின்பையில் கனத்தது.
"மணி ஒன்பது. உனக்கும் எனக்கும் வேலை முடிஞ்சாச்சு,"
என்றாள் யோகமலர், என் முகத்தைப் பார்த்து.
நான் சீட்டை எழுதினேன்.
எழுதிவிட்டு வேனுக்குப் போய்
உபரி உருளை ஒன்றை எடுத்து வந்து மாட்டினேன்,
ஏப்ரனை வேறு ஆணிக்கு மாற்றினேன்.
கக் நோரிசான் விலை கேட்டார்.
ஆபீசிலிருந்து பில் வரும் என்றேன்.
வரும், என் சம்பளத்துக்கு.
சரி என்று சொல்லிவிட்டு
ஒரு கெம்போங் மீனைத் தட்டில் போட்டார்.
இது லஞ்சமா என்று கேட்டேன்.
இல்லை, வால் கருகிப்போனது, யாரும் வாங்க மாட்டார்கள் என்றார்.
வால்தான் நன்றாக இருந்தது.

திரும்பும்போது பாலத்தில்
கைபேசி வெளிச்சத்தில் நோட்டை விரித்து
மதிப்பெண் கட்டத்தில் அவள் எழுதினாள்:
மறுபரிசோதனை தேவை.
அவசரம்.

பின்னால் பழைய உருளை
ஒவ்வொரு வளைவிலும் உருண்டு போய்
கதவில் முட்டிக்கொண்டே வந்தது.