ஐம்பத்திரண்டில் இருபத்தேழு

அத்-பாஷியில் நவம்பர் என்றால்
முதல் பாடவேளை அடுப்புக்குத்தான்.
நிலக்கரி பிடித்து
விரல்கள் பென்சிலுக்கு இணங்கும்வரை
யாரையும் எழுதச் சொல்லமாட்டேன்.

இரண்டாம் வகுப்பு. பதினேழு பேர்.
பலகையில் ஐம்பத்திரண்டு, அதன் கீழே இருபத்தேழு.
"இரண்டில் ஏழு போகாது.
பக்கத்து வீட்டில் கடன் வாங்கு."
பதினோரு வருடமாக இதே வாக்கியம்.

பதினாறு தலைகள் குனிந்தன.
அஸ்கத் மட்டும் பென்சிலைக் கீழே வைத்தான்.
"வாங்க மாட்டேன்."

அடம் என்று நினைத்தேன்.
குரலை ஒரு படி உயர்த்தினேன்.
அவன் காதுமடல் சிவந்தது. தாளின் ஓரத்தைக்
கிழித்துக் கிழித்து உருண்டையாக்கினான்.
பிறகு, என்னிடம் அல்ல, மேசையிடம் கேட்டான்:
"எப்போ திருப்பித் தரணும்?"

பாடப்புத்தகத்தில் அந்தப் பக்கம் இல்லை.

கடைக்காரர் குபானிச்சின் பச்சை அட்டை நோட்டு
எனக்கும் தெரியும். அதில் என் பெயரும் உண்டு,
மாவுக்கும் தேயிலைக்கும் நடுவே.
அஸ்கத்தின் அப்பா கசானில் கட்டட வேலையில்;
மூன்று மாதமாய்ப் பணம் வரவில்லை என்பதை
ஊரே அறியும். அவனும் அறிவான் என்பதை
நான்தான் அறியவில்லை.

பக்கத்து இருக்கை குல்சினா,
எந்நேரமும் மூக்கை உறிஞ்சுகிறவள்,
ரப்பர் வளையமிட்ட தீக்குச்சிக் கட்டுகள் ஐந்தை
அவன் பக்கம் தள்ளினாள். உதிரியாய் இரண்டு.
"எல்லாம் உன்னுதுதானே?"
"ம்."
"அப்ப ஒரு கட்டை அவிழ்டா.
உன் குச்சிய எடுக்க நீ யாரைக் கேக்கணும்?"

ரப்பர் தெறித்து அடுப்பில் விழுந்து நாறியது.
வகுப்பே சிரித்தது.
அவனும், கொஞ்சம் தாமதமாக.
பன்னிரண்டு குச்சி. ஏழை ஒதுக்கினான்.
மிச்சத்தை எண்ணும்போது
உதடு அசைவது தெரிந்தது.

பலகை மூலையில் விதியாய் எழுதி வைத்திருந்த 'கடன்'
துடைத்தும் லேசாகத் தெரிந்தது.
அதன் மேலேயே 'அவிழ்' என்று எழுதினேன்.
ஆய்வாளர் வந்தால் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை, அறுபத்தொன்றில் முப்பத்தெட்டு.
முப்பத்துமூன்று என்று எழுதியிருந்தான்.
கட்டை அவிழ்த்தவன்
ஒரு கட்டு குறைந்ததை மறந்துவிட்டான்.
தப்பு என்று வட்டமிட்டேன்.

தாளின் நான்கு ஓரமும் முழுசாக இருந்தது.
வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.
கையைத் தூக்கினான்.
"குச்சி வேணும்."