மூன்றாவதாக விழுபவன்

சனிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில்
மூன்று பேர் மாடியிலிருந்து விழுவார்கள்.
முதல் இருவரை எனக்குத் தெரியாது.
மூன்றாமவனைத்தான் கட்டிக்கொண்டேன்.

எல்கோவில் பனி இரண்டடி.
ஒன்பது மணிச் சரக்கு ரயில்
அலமாரித் தட்டுகளைக் குலுக்கிவிட்டுப் போகும்வரை
படத்தைப் போடமாட்டோம்.
டெல்மர் சாய்வு நாற்காலியில்,
இரண்டு முட்டியும் எஃகு,
மடியில் சோளப்பொரி.
வெடிச்சத்தம் கேட்டால்
சோபாவுக்கடியில் பாய்கிற நாய்க்கு
ஷெரிஃப் என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

படத்தில் ஊருக்கு ஒரே தெரு.
வங்கி, மதுக்கடை, சவரக்கடை
எல்லாம் முன்சுவர் மட்டும்.
பின்னால் முட்டுக்கட்டைகளும்
புகைபிடிக்கும் தச்சர்களும் என்று
டெல்மர் சொல்லியிருக்கிறார்.
தெரிந்தும் என்ன,
கதவைத் தள்ளிக்கொண்டு அவன் உள்ளே வரும்போது
பியானோ நிற்குமே,
எனக்குக் கை சில்லிட்டுவிடும்.
ஆறு குண்டுத் துப்பாக்கி பதினொரு முறை சுடும்.
எண்ணிக்கொண்டே நம்புவேன்.

பக்கத்து வீட்டு லோரீன் சில வாரம் வருவாள்.
ஷோஷோனிக்காரி.
மலைமுகட்டில் வரிசையாகக் குதிரைகள் தெரிந்ததும்
"வந்துட்டாங்க என் மாமனுங்க,
பாதிப்பேர் இத்தாலிக்காரங்க" என்று
பொரிக்குக் கை நீட்டுவாள்.
நாங்கள் சிரிப்போம்.
அவள் எங்களைவிடக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திக்கொள்வாள்.

அப்புறம் அந்த இடம்.
கைப்பிடிக் கட்டை முறியும்.
இடது தோள் முதலில்,
பிறகு இடுப்பு,
குதிரைத் தொட்டியில் தண்ணீர் எழும்பி அடங்க
கடைசியில் ஒரு பூட்ஸ் மட்டும் மேலே வரும்.
பல் டாக்டரின் மனைவிக்கு
மெதுவாக ஓட்டிக் காட்டியிருக்கிறேன்.
மகளின் கல்யாணத்துக்கு முந்தின இரவு
சம்பந்தி வீட்டாருக்கும்.
அந்த நேரம் பார்த்து டெல்மர்
தூங்கிப்போவார், அல்லது
கழிவறையில் குழாய் ஓடும்.
அடக்கம் என்று நினைத்தேன்.

நேற்று விழித்திருந்தார்.
சண்டை தொடங்கியதும் வழக்கம்போல்
காதுக் கருவியைக் கழற்றித் தட்டில் வைத்தார்.
அதனால் சத்தமாகவே சொன்னார்:
"அது அர்வில்."
எது?
"விழறது. எனக்கு அன்னிக்குப் பல்வலி.
கன்னம் பூசணிக்காய்."

ரோடியோ முடிந்த இரவு,
முதல் நடனத்தில் அவர் சொன்னது
'அந்தப் படத்தில் நானும் இருக்கிறேன்'.
அவ்வளவுதான் சொன்னார்.
மாடியிலிருந்து தள்ளிவிட்டது நான்.

பின்னோக்கி ஓட்டினார்.
எஃகு முட்டிகளோடு எழுந்து போய்
திரையின் ஓரத்தில் விரலை வைத்தார்.
சண்டைக்கு வெகுமுன்னால்,
யாரும் பார்க்காத வெயிலில்,
மாவு மூட்டையோடு ஒருவன் தெருவைக் கடக்கிறான்.
மூன்று வினாடி. முதுகு மட்டும்.
"மறுநாள் எடுத்தது.
வீக்கம் தெரியக்கூடாதுன்னு
திரும்பி நடக்கச் சொன்னாங்க."

அவனை யாரும் சுடுவதில்லை.
துப்பாக்கிகள் உறையைவிட்டு எழும்முன்பே
கடைக்குள் போய்விடுகிறான்.
பசித்த வீடு ஒன்று எங்கோ
அந்த மாவுக்குக் காத்திருப்பதுபோல் ஒரு நடை.
அந்த நடையையா
எனக்குத் தெரியாமல் போயிற்று?

அர்விலுக்குப் பெண்டாட்டி உண்டா என்று கேட்டேன்.
"ஆங்?" என்றார்.
கருவி தட்டில் கிடந்தது.
விட்டுவிட்டேன்.

படம் ஓடியது.
முதலாமவன், இரண்டாமவன்.
கட்டை முறியும் நேரம்
பழக்கத்தில் என் கை
அவர் இடது தோளைப் பற்றிக்கொண்டது.
பனிக்காலம் முழுக்க
நான் தைலம் தேய்ப்பது
வலது தோளுக்கு.