நிற்பவளுக்கு இமோஜி இல்லை

இரவு ஒன்பதரைக்கு நான் அனுப்புவது
ஒரே ஓர் எண்: 6.
காலை ஆறு மணி, ஒந்தாரோவா படகுத்துறை,
காற்று எப்படி இருந்தாலும்.

பதிலுக்கு ஒவ்வொருத்தியும்
ஒரு துடுப்புக்காரியை அனுப்புவாள்.
கொஞ்சம் நீலம், ஒரு பழுப்புப் படகு,
நகக்கண் அளவில் ஒரு பெண்.
முதலில் கராசி. கடைசியில் எப்போதும் இத்சாசோ,
குழந்தை தூங்கிய பிறகு.

பதின்மூன்று பேர் ஒரே படகில் ஏறுவதாய்ச் சொல்ல
பதின்மூன்று படகுகள்,
படகுக்கு ஒருத்தி.
திரையில் பார்த்தால்
ஒருத்தியை ஒருத்தி அறியாமல்
கடலில் தொலைந்தவர்கள் போலிருக்கும்.

எதுர்னேயின் பழைய ஃபோனில் அந்தப் படமே வராது.
வெறும் கட்டம்.
"பன்னிரண்டு பெட்டி எண்ணியதும் கிளம்பிவிடுவேன்" என்பாள்,
நெத்திலித் தொழிற்சாலையில்
நாளெல்லாம் பெட்டி எண்ணுகிறவள்.

ஒருநாள் துடுப்பு கழுவும்போது சண்டை:
இந்தப் பெண் எந்தப் பக்கம் போகிறாள்?
இடப்பக்கம், முகம் அங்கேதானே இருக்கிறது, என்றாள் ஓயானே.
முகம் இருக்கும் பக்கம் போக
அவள் என்ன சைக்கிளா மிதிக்கிறாள்,
முதுகுதான்டி முன்னால் போகும், என்றாள் கராசி.
படத்தில் நீர் அசைவதில்லை.
யாரும் ஜெயிக்கவில்லை.

கராசி அதையே புருஷனுக்கு அனுப்பினால்
சாப்பாட்டை நீயே சூடு பண்ணிக்கொள்.
அவள் மகள் கராசிக்கு அனுப்பினால்
இந்தப் பேச்சிலிருந்து நான் நழுவுகிறேன்.
மாட்ரிட் வங்கிக்காரன் ஒருவன்
இத்சாசோவிடமிருந்து வந்ததைப் பார்த்து
விடுமுறையா என்று கேட்டானாம்.
இன்னும் மூழ்கவில்லை, தவணை வரும்
என்றுதான் அவள் சொல்லியிருந்தாள்.

படகின் பின்முனையில்
நீளத் துடுப்பைச் சுக்கானாய்ப் பிடித்தபடி
நிற்கிறவள் நான்.
போகும் திசையைப் பார்ப்பவள் நான் ஒருத்தி,
அவர்கள் பார்ப்பது என்னை.
வருகிற அலையின் உயரத்தை
என் முகத்தில்தான் படிப்பார்கள்.
அதனால் பொய் சொல்லப் பழகிய முகம்.
நிற்பவளுக்கு இமோஜி இல்லை, தேடிப் பார்த்தாயிற்று.
அலைச்சறுக்குக்காரிக்கு உண்டு.
கடல்கன்னிக்குக்கூட உண்டு.

நான்காம் பலகை, இடப்பக்கம்: நெகானே.
ஆகஸ்ட் போட்டியில், திரும்புகிற மிதவைக்குப் பக்கத்தில்,
அவள் துடுப்பு நீருக்குள் மாட்டிக்கொண்டது.
மூன்று வீச்சு போயிற்று.
நான்கு விநாடியில் தோற்றோம்.
கரையேறியதும், அத்தனை பேர் முன்னால்,
நான் சொன்னதை இங்கே எழுத மாட்டேன்.
அன்றிரவு சாம்பல் எழுத்தில் ஒரு வரி:
நெகானே குழுவிலிருந்து வெளியேறினார்.
அந்த 'ஆர்' குத்தியது.
ஃபோனுக்குத்தான் எத்தனை மரியாதை.

அவள் இடத்துக்கு ஆள் வந்தாள்.
நல்லவள். நன்றாகவே வலிக்கிறாள்.
பெயர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம்
எனக்கு ஒரு கணம் தாமதமாகிறது.

நேற்றுப் புயல் எச்சரிக்கை.
துறைமுகத்தில் சிவப்பு விளக்கு.
நான் எண் அனுப்பவில்லை.
ஒன்று இருபதுக்கு மேசைமேல் ஃபோன் நடுங்கிற்று.
குழுவில் அல்ல, எனக்கு மட்டும்,
ஒரு சொல்லும் இல்லாமல்
ஒரு படகு, ஒருத்தி.

வருகிறாளா?
இல்லை, என் படகு இனி எனக்கு என்கிறாளா?
பக்கத்து ஊர்க் குழுவில் சேர்ந்துவிட்டாளா?
தூக்கத்தில் விரல் பட்டுவிட்டதா?
வாசலில் நின்று போய் வருகிறேன் என்கிறவர்களிடம்
எந்தப் பாதி நிஜம் என்று
யார் கேட்கிறார்கள்.

திருப்பி அனுப்ப என்னிடம் படம் இல்லை.
6 என்று தட்டினேன்.
அழித்தேன்.
மறுபடி தட்டினேன்.

விடியுமுன் கொட்டகைக்குப் போய்
நான்காம் பலகை, இடப்பக்கம்,
துடுப்பைத் தறியோடு பிணைக்கும் கயிற்று வளையத்தை
வாளி நீரில் ஊறப்போட்டேன்.
காய்ந்த கயிறு கிறீச்சிடும்.
அவளுக்கு அந்தச் சத்தம் ஆகாது.