எல்லை விவரம்

“நூற்றைம்பதாம் ஆண்டு மலரில் உனக்கு இரண்டு பக்கம், செசிலி.
பங்கின் பூகோளம், சரித்திரம்.
வம்பு வேண்டாம்” என்றார் சாமியார்.
ஜெராக்ஸ் கடையில் ஆளில்லாத மத்தியானம்
பழைய ரசீதின் முதுகில் தொடங்கினேன்.

கிழக்கே கள்ளிப்பதிப் பிரிவு, எடைமேடை வரைக்கும்.
தெற்கே வாய்க்கால்.
அணை திறக்கும் மாதங்களில் மட்டும் அது எல்லை,
மற்ற நாளில் ஆடுகள் கடக்கும் பள்ளம்.
வடக்கே ராயப்பன் தோட்டத்துக் கம்பிவேலி.
இரண்டு முறை நகர்ந்திருக்கிறது.
இப்போது எங்கே என்று ராயப்பனைத்தான் கேட்க வேண்டும்.

மேற்கே
என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அந்தப் பக்கம் கணவாய்.
ஆனி பிறந்ததும் அதன் வழியே வரும் காற்றுக்குச்
செக்போஸ்ட் கிடையாது.
பூசைப் புத்தகத்தில் சாமியாருக்கு முன்பே பக்கம் புரட்டும்.
பனைகளெல்லாம் கிழக்கே சாய்ந்து
கடன்காரனைக் கண்டு முகம் திருப்பியவை போல் நிற்கும்.

சரித்திரம், தாது வருஷம்.
மழை மறந்த சீமையிலிருந்து முப்பத்தொரு குடும்பம், ஒரு வண்டி.
வண்டியில் வைக்கோல் சுற்றிய சந்தியாகப்பர், குதிரையோடு.
மாடு படுத்த இடத்தில் கோயில் என்று
எல்லாப் பங்கின் மலரிலும் இருக்கிறது.
எங்கள் மாடு படுக்கவில்லை.
செத்தது.
பசியில் எல்லோரும் தின்றார்கள்.
உரித்தவர்களை மட்டும் மறக்கவில்லை.

ஞானஸ்நானப் புத்தகம், முதல் தொகுதி, லத்தீன்.
பிரெஞ்சுக்காரச் சாமியாரின் சாய்ந்த கையெழுத்து.
பெயர், தகப்பன் பெயர், பிறகு ஒரு குறுகிய கட்டம்.
பக்கமெல்லாம் அரித்த கரையான்
அந்தக் கட்டத்தைத் தொட்டதேயில்லை.

கல்லறையில் அதே கட்டம் சுவராயிற்று.
செங்கல், சுண்ணாம்பு, மார்பளவு உயரம்.
வடபுறம் குடியானத் தெரு.
தென்புறம் நாங்கள்.

ஐம்பத்தாறில் மாநிலம் பிரித்தவர்கள்
கோயிலுக்கும் கல்லறைக்கும் நடுவே கல் நட்டுப் போனார்கள்.
உயிரோடிருக்கும் வரை தமிழ்நாடு,
செத்தால் கேரளம்.
பாடை வந்தால் சசிதரன் கம்பைத் தூக்கிவிட்டுத்
தொப்பியை அக்குளில் இடுக்கிக்கொள்வான்.
கொரோனா வருஷம் மண்ணைக் கொட்டி ரோட்டை அடைத்தார்கள்.
முந்நூறு அடி தள்ளியிருந்த குழிக்குப்
பங்கிராசு ஆம்புலன்சில் நாற்பது கிலோமீட்டர் சுற்றிப் போனான்.
பாஸில் ‘திரும்பும் தேதி’ என்ற இடத்தில்
அவன் மகள் ஒரு சிலுவை போட்டாள்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு,
பெருமழை ஆகஸ்டில், சுவர் விழுந்தது.
மறுவாரமே குடியானத் தெருவில் வசூல்.
ஆனால் நிலம் சித்தூர் தாலுகாவில்,
பத்திரம் பொள்ளாச்சியில்.
அங்கே மலையாளத்தில் மனு கேட்டார்கள்.
இங்கே, அங்கே ஆட்சேபணை இல்லை என்று சான்று கேட்டார்கள்.
மனுவை டைப் அடித்தது என் கடையில்தான்.
மூன்று முறை சர்வே எண்ணைத் தப்பாக அடித்தேன்.
ஒரு முறை நிஜமாகவே தவறு.

செங்கற்களுக்கு இடையில் எருக்கு பூத்துக் கிடக்கிறது.
பங்கிராசுவுக்கு வேறு இடமில்லாமல்
அஸ்திவாரத்தின் மேலேயே வெட்டினார்கள்.
கடப்பாரை சுண்ணாம்பில் பட்ட ஓசை
கல்லுக்கு இந்தப் பக்கம் நின்ற எங்களுக்குக் கேட்டது.

சாமியார் படித்தார். சிவப்புப் பேனாவை மூடினார், திறந்தார்.
மாடு இருக்கட்டும் என்றார்.
உரித்தது வேண்டாம்.
சுவருக்கு வந்ததும் ஜன்னலைச் சாத்த எழுந்துபோனார்,
காற்று அப்படி.
எதிர்ப்பக்கத்தில் ராயப்பன் மகனின்
ஹாலோ பிளாக் கம்பெனி விளம்பரம், கலரில்.

மேற்கே இன்னும் காலியாக இருக்கிறது.
அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது.